சைனஸ்: ஸ்கேனா, கேமராவா?

பொள்ளாச்சியிலிருந்து சித்தி பஸ் ஏறி வந்தபோது கையில் இரண்டு பைகள். ஒன்றில் எங்களுக்கான தேங்காயும் முருங்கைக்காயும் இருந்தன. இன்னொன்றில் அவருடைய மூக்கின் எட்டு மாத வரலாறு: மூன்று பி.என்.எஸ். எக்ஸ்ரே (சைனஸ் எக்ஸ்ரே), மடித்து மடித்துக் கிழிந்த மருந்துச் சீட்டுகள், பாதி தீர்ந்த மூக்குச் சொட்டு மருந்து. வலது மூக்கில் மட்டும் சளி. சளியைவிட அதன் நாற்றம்தான் அவரை வதைத்தது. "ரசம் கொதிக்கிறப்பக்கூட எனக்கு அந்த வாடைதான் அடிக்குது கண்ணு. பக்கத்துல யாராச்சும் உக்காந்தா அவங்களுக்கும் அடிக்குமோன்னு நானே தள்ளி உக்காந்துக்கறேன்" என்றார். கோவில், கல்யாணம் என்று எங்கும் முதல் ஆளாக நிற்கிற மனுஷி அவர்.

மூன்று எக்ஸ்ரேயிலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: வலது கன்ன சைனஸில் மங்கல் தெரிகிறது. அந்த ஒரு வரிக்கு மூன்று முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதைதான்.

கோவையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். சித்தி எக்ஸ்ரே உறையை நீட்டினார். அவர் அதை வாங்கி மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "இதை அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல உங்க மூக்கைப் பார்ப்போம்" என்றார். எட்டு மாதத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சுத் திரிகளை இரண்டு மூக்கிலும் வைத்து, பத்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். பிறகு பேனா ரீஃபிலைவிடச் சற்றே தடித்த ஓர் உலோகக் குழல் வந்தது, எண்டோஸ்கோப். குறுக்களவு 4 மில்லிமீட்டர். முனையில் வெளிச்சம், பின்பக்கம் கேமரா. "மூச்சை வாயால விடுங்கம்மா, அவ்வளவுதான், ஒண்ணும் பண்ணாது" என்று பேசிக்கொண்டே மருத்துவர் அதை உள்ளே நகர்த்த, எதிரே இருந்த திரையில் ஈரமாக மின்னும் இளஞ்சிவப்புக் குகை ஒன்று விரிந்தது. முதலில் மூக்கின் தரையை ஒட்டியே தொண்டையின் மேற்புறம் வரை போனார். அடுத்து மேற்பகுதி. கடைசியாக, நடு டர்பினேட் எனப்படும் சதை மடிப்பின் அடியில் குழலைச் சாய்த்துச் செருகினார். அங்கே, மடிப்புக்கும் சுவருக்கும் இடையில், மஞ்சளாக ஒரு நூல் வழிந்துகொண்டிருந்தது. சீழ். இடது பக்கம் அதே இடத்தைக் காட்டினார். துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"சீழ் எங்கிருந்து வருதுன்னு பார்த்தாச்சு. ஏன் வருதுன்னு கேமரா சொல்லாது. அதுக்கு ஒரு சி.டி. எடுக்கணும்" என்றார்.

"ஏனுங்க டாக்டர், இத்தனை படம் எடுத்தும் பத்தலீங்களா?" என்று கேட்டார் சித்தி.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது? கேமரா எதுவரை போகும், எங்கே நின்றுவிடும்? சளியும் தலைவலியுமாக அலைகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாசல் மேலே இருக்கும் அறை

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று சொல்லாத குடும்பம் நம் ஊரில் குறைவு. உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. அது நோயின் பெயரே அல்ல. முகத்து எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய அறைகள் அவை, நான்கு ஜோடி. கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, இரண்டு கண்களுக்கும் நடுவே தேன்கூடுபோல் எத்மாய்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் மூளையின் அடித்தளத்தை ஒட்டி ஸ்பீனாய்டு. அந்த அறைகளின் உட்சவ்வு வீங்கி அழற்சி கண்டால்தான் சைனசைட்டிஸ். சித்த மருத்துவம் பீனிசம் என்று சொல்வதும், பாட்டிகள் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லி நொச்சி இலை போட்டு வேது பிடிக்கவைத்ததும் பெரும்பாலும் இந்தத் தொல்லைக்குத்தான்.

இந்த அறைகளின் சவ்வின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, சளியை வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கன்ன சைனஸின் வாசல் அதன் அடியில் இல்லை. கண்ணுக்குக் கீழே, உட்சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் குழாயை அடியில் வைக்காமல் மேல் விளிம்பில் வைத்த மாதிரி. ஆகவே சளி தானாக வடியாது; அந்த இழைகள்தான் அதைச் சுவரோடு சுவராக மேலேற்ற வேண்டும். நெற்றி சைனஸ், முன் எத்மாய்டு, கன்ன சைனஸ் ஆகிய மூன்றும் வந்து திறக்கும் இடமும் அந்த நடு டர்பினேட்டுக்கு அடியிலுள்ள ஒடுங்கிய சந்துதான். சந்து வீங்கி அடைத்தால் மூன்று வீட்டின் சாக்கடையும் தேங்கிவிடும். சித்தியின் திரையில் சீழ் வழிந்த இடமும் அதுவேதான்.

நிழல் படங்களின் காலம்

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ரான்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். முகத்துக்குள் காற்றறை இருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும். லியோனார்டோ டா வின்சியே கன்ன சைனஸை வரைந்து வைத்திருக்கிறார். உயிரோடிருப்பவரின் சைனஸை வெட்டாமல் பார்க்க முடிந்தது எக்ஸ்ரே வந்த பிறகுதான். 1915-இல் வாட்டர்ஸ் என்பவரும் வால்ட்ரனும் மோவாயைத் தூக்கிவைத்து எடுக்கும் முறையைச் சொன்னார்கள். கன்ன சைனஸ் மற்ற எலும்புகளின் நிழல் படாமல் அதில் தெரியும். இன்றும் ஸ்கேன் சென்டரில் "மோவாயைப் பலகையில ஒட்டிவெச்சு வாயைத் திறங்க" என்று சொல்லி எடுப்பது அந்த வாட்டர்ஸ் கோணம்தான். நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

அந்தப் படத்தின் குறை என்னவென்றால், முப்பரிமாணத் தலை மொத்தமும் ஒரே தாளில் நசுங்கி விழுகிறது. எத்மாய்டின் தேன்கூட்டு அறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். சவ்வு தடித்திருந்தாலும் மங்கல், நீர் கோத்திருந்தாலும் மங்கல், சதை வளர்ந்திருந்தாலும் மங்கல். தலையைச் சற்றே திருப்பி வைத்திருந்தால்கூட மங்கல். சின்னக் குழந்தைகளுக்கு நெற்றி சைனஸே இன்னும் உருவாகியிருக்காது. அவர்களுக்கும் இந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரும் பெற்றோரைக் காத்திருப்பு அறைகளில் பார்க்கிறேன். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: சைனசைட்டிஸைக் கண்டறிய பி.என்.எஸ். எக்ஸ்ரே எடுக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனை ஒட்டிய விம்பிள்டனில், ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியில் முதன்முறையாக ஒரு நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. 1979-இல் அவருக்கும் கார்மக்குக்கும் நோபல் பரிசு. நசுங்கிய நிழலுக்குப் பதிலாக, ரொட்டியை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல் தலையைப் பார்க்கலாம் என்றாயிற்று. எலும்பின் நுணுக்கங்களைக் காட்டுவதில் இன்றுவரை சி.டி.யை மிஞ்ச ஆளில்லை. கண்ணுக்கும் சைனஸுக்கும் இடையே காகிதம்போல் ஓர் எலும்புத் தகடு இருக்கிறது. மூளைக்கும் மூக்குக்கும் நடுவே சல்லடைபோல் இன்னொரு தகடு. அது எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கண் நரம்பே சைனஸ் அறைக்குள் புடைத்துக்கொண்டு ஓடும். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் சைனஸ் அறுவைச் சிகிச்சையில் கைவைக்கக் கூடாது. அறுவைக்கு முன் சி.டி. கட்டாயம் என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் "நோய் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு சி.டி. அவ்வளவு நம்பகமான சாட்சி அல்ல. இதைத்தான் பலரும் அறியவில்லை.

31 பேரின் ஜலதோஷம்

1994-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் குவால்ட்னி என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாதாரண ஜலதோஷம் பிடித்து இரண்டு மூன்று நாள் ஆன 31 பேருக்கு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87 சதவீதம் பேரின் கன்ன சைனஸில் கோளாறு தெரிந்தது. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு எத்மாய்டிலும் தெரிந்தது. அந்தப் படங்களை மட்டும் பார்த்த யாரும் சைனசைட்டிஸ் முற்றிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லாமலே அது தெளிந்துபோயிருந்தது.

இதற்கு முன்பு, 1988-இல், வேறு காரணங்களுக்காகத் தலை ஸ்கேன் எடுத்த 666 பேரின் படங்களில் சைனஸ் பகுதியை மட்டும் தனியே பார்த்தார்கள். அவர்களில் 42.5 சதவீதம் பேருக்குச் சவ்வில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. பத்துக்கு நாலு பேர்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "மியூகோசல் திக்கனிங்" என்று ஒரு சொல் இருந்தால் எத்தனை பேர் கலங்கிப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சவ்வு சற்றுத் தடித்திருக்கிறது என்பதே அதன் பொருள். நேற்று மழையில் நனைந்து சளி பிடித்திருந்தாலும் அது தடித்திருக்கும். சி.டி.யில் நீரும் சீழும் சதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். சீழின் நிறத்தையோ, சவ்வு சிவந்திருப்பதையோ, அது வழிந்துகொண்டிருப்பதையோ படம் காட்டாது. படத்தில் எவ்வளவு அடைப்பு இருக்கிறது என்று மதிப்பெண் போட 1993-இல் லண்டன் மருத்துவர்கள் லண்டும் மக்கேயும் ஒரு முறை வகுத்தார்கள். மொத்தம் 24 மதிப்பெண். அந்த மதிப்பெண்ணுக்கும் நோயாளி படும் அவஸ்தைக்கும் நெருங்கிய பொருத்தம் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 4 மதிப்பெண் வாங்கியவர் தூங்காமல் தவிப்பார், 16 வாங்கியவர் சாதாரணமாக வேலைக்குப் போய்வருவார்.

கிராஸ் நகரத்தின் பொறுமைசாலி

கேமராவின் கதை ஆஸ்திரியாவுக்குப் போகிறது. மூக்குக்குள் குழல் விட்டுப் பார்க்கும் முயற்சி 1901-லேயே நடந்தது; ஹிர்ஷ்மன் என்ற ஜெர்மானியர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை மாற்றியமைத்து மூக்குக்குள் செலுத்தினார். வெளிச்சம் மங்கல், பார்வை குறுகல். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹரால்டு ஹாப்கின்ஸ் அதைத் தலைகீழாக மாற்றினார். அதுவரை குழலுக்குள் காற்று நிறைந்திருக்கும். நடுநடுவே சின்னக் கண்ணாடி வில்லைகள். அவரோ கண்ணாடித் தண்டுகளால் குழலை நிறைத்து, இடையில் கொஞ்சம் காற்று விட்டார். படம் பளிச்சென்று ஆனது. 1960-களில் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் அதைக் கருவியாகத் தயாரித்தார். இன்று நம் ஊர் கிளினிக்குகளில் இருக்கும் குழல்களின் மூலம் அதுவே.

அந்தக் கருவியின் முழுப் பயனையும் எடுத்தவர் கிராஸ் நகரத்து மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர். 1950-களிலிருந்தே அவருக்கு ஒரே கவலை: சளி எந்த வழியாகப் போகிறது? மனிதர் இறந்த பின்னும் சில மணி நேரம், சளியைத் தள்ளும் அந்த இழைகள் அசைந்துகொண்டிருக்கும். அவர் சடலங்களின் சைனஸுக்குள் நிறப்பொருளை வைத்து, அது நகர்வதைப் பொறுமையாகப் பார்த்துப் பதிவு செய்தார். சளிக்கு நிரந்தரமான பாதை இருந்தது. எங்கே வைத்தாலும் அது இயற்கையான வாசலை நோக்கியே போனது. பக்கத்தில் வேறு ஓட்டை போட்டு வைத்தாலும், அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போனது.

இதன் முக்கியத்துவத்தை உணர அந்தக் காலத்துச் சிகிச்சை தெரிய வேண்டும். 1890-களில் அமெரிக்காவின் கால்டுவெல்லும் பாரிஸின் லூக்கும் தனித்தனியே சொன்ன அறுவைதான் பல பத்தாண்டுகள் நடந்தது. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே எலும்பை உடைத்து, சைனஸின் உட்சவ்வையே சுரண்டி எடுத்து, கீழே ஒரு புது ஓட்டை போடுவார்கள். சளியோ அந்த ஓட்டையைச் சீந்தவே இல்லை என்று மெசர்கிளிங்கர் காட்டிவிட்டார். அறையில் குற்றமில்லை, வாசலைச் சரிசெய்தால் அறை தானே ஆறிவிடும் என்றார். 1978-இல் அவருடைய மூக்கு எண்டோஸ்கோப்பி நூல் வெளிவந்தது. அவருடைய சீடர் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த டேவிட் கென்னடியும் 1980-களில் இதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். கென்னடிக்குப் பக்கத்தில் ஸைன்ரைக் என்ற கதிரியக்க மருத்துவர் இருந்தார். எண்டோஸ்கோப்பில் தெரியும் கோணத்திலேயே சி.டி. வில்லைகளை எடுக்க வழி செய்தார். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்கு நிமிர்த்தி எடுத்த படங்கள். கேமராவும் ஸ்கேனும் அன்றே கைகோத்துத்தான் வளர்ந்தன. இப்போது நாம்தான் ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எது முதலில்?

பத்து நாளைக்குள் குறைந்துகொண்டே வரும் சளிக்கு இரண்டுமே வேண்டாம். வைரஸ் ஜலதோஷம் பிடித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குள்தான் பாக்டீரியா சைனசைட்டிஸாக மாறுகிறது. சிக்கலில்லாத திடீர் சைனசைட்டிஸுக்கு எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்க வேண்டாம் என்பது அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் தெளிவான அறிவுரை.

12 வாரம் தாண்டினால் அது நாள்பட்ட நோய். மூக்கடைப்பு, மூக்குச் சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், மணம் தெரியாமை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, எண்டோஸ்கோப்பியிலோ சி.டி.யிலோ சான்று தெரிய வேண்டும் என்கிறது 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறி. ஏன் இந்தக் கண்டிப்பு என்றால், அறிகுறிகளை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 2010-இல் 202 நோயாளிகளிடம் பட்டாச்சார்யாவும் லீயும் செய்த ஆய்வு வெளிவந்தது. அறிகுறிகள் பொருந்தியவர்களில் நூற்றுக்கு சுமார் 40 பேருக்குத்தான் சி.டி.யில் நோய் உறுதியானது. எண்டோஸ்கோப்பியிலும் சீழோ வீக்கமோ பாலிப் எனும் சதை வளர்ச்சியோ தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால் அது 66 ஆக உயர்ந்தது. கேமராவில் சீழைக் கண்ணால் பார்த்துவிட்டால், நோயை உறுதிசெய்வதற்காக என்று தனியே ஒரு ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. பார்த்த இடத்திலேயே சீழைத் துடைத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்றும் தெரிந்துகொள்ளலாம். கதிர்வீச்சு இல்லை என்பதால் கர்ப்பிணிக்கும் செய்யலாம். ஒவ்வொரு முறை வரும்போதும் செய்யலாம்.

கேமராவின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது வாசல்வரைதான் போகும். அறுவை செய்து அகலமாக்காத சைனஸின் உள்ளே அது எட்டிப்பார்க்காது. மூக்குத்தண்டு வளைந்து வழியை மறித்தால் அந்தப் பக்கம் அரைகுறையாகத்தான் தெரியும். பின்னால் ஒதுங்கியிருக்கும் ஸ்பீனாய்டில் மட்டும் நோய் இருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாமல் போகலாம். கேமராவில் சுத்தமாகத் தெரிந்தும் உள்ளே நோய் இருப்பவர்கள் கணிசமானவர்கள். புகார் உறுதியாக இருந்து, சொட்டு மருந்து, உப்புநீர்க் கழுவல், ஸ்டீராய்டு ஸ்பிரே எல்லாம் செய்தும் தீராமல், கேமராவும் எதையும் காட்டாமல் இருந்தால், அப்போது சி.டி. எடுக்க வேண்டும். சைனஸ் சி.டி.யின் கதிர்வீச்சு இப்போதைய கருவிகளில் பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கிவிடும். இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு நாம் வாங்குவது உலகச் சராசரியில் சுமார் 2.4. பயந்து ஓட வேண்டியதில்லை. வருஷா வருஷம், சளி பிடிக்கும்போதெல்லாம், குழந்தைகளுக்கும் எடுக்கத்தான் கூடாது.

இரண்டும் சுத்தமாக இருந்தால்? என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பன்னிரண்டு வருஷமாக "சைனஸ் தலைவலி"க்காரர். கேமரா சுத்தம், ஸ்கேன் சுத்தம். மருத்துவர் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், என்று தெரிந்தது. இது அபூர்வமே அல்ல. 2004-இல் அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருந்த 2,991 பேரை ஆராய்ந்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும். பன்னிரண்டு வருஷம் தப்பான நோய்க்கு மருந்து தின்ற அந்த நண்பரின் முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. சுத்தமாக இருக்கிறது என்ற முடிவும் ஒரு நோயறிதல்தான்.

கறுப்புப் பொருக்கு

2021 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனாவின் இரண்டாம் அலையோடு கறுப்புப் பூஞ்சை வந்தது. அந்த மே மாதத்தில் அதை அறிவிக்கத்தக்க நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது, தமிழ்நாடும் அறிவித்தது. ஜூன் 28 அன்று மத்திய சுகாதார அமைச்சர் சொன்ன கணக்கின்படி நாட்டில் 40,845 பேருக்கு வந்திருந்தது. அதில் 31,344 பேருக்கு மூக்கிலிருந்து கண், மூளை நோக்கிப் பரவும் வகை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயாளிகள்.

அந்த நோயில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. தொடக்கத்தில் சி.டி. எடுத்தால் ஒரு பக்கச் சவ்வு தடித்திருப்பது மட்டுமே தெரியலாம். சாதாரண சைனசைட்டிஸ் என்று படித்துவிட இடமுண்டு. கேமராவை விட்டவர்கள் டர்பினேட் வெளுத்து உயிரற்றுக் கிடப்பதையும், பிறகு அதன்மேல் படியும் கறுப்புப் பொருக்கையும் நேரில் பார்த்தார்கள். அங்கிருந்தே ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், அகன்ற பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். பூஞ்சை எதுவரை ஏறிவிட்டது, கண்ணுக்கா, மூளைக்கா என்பதை எம்.ஆர்.ஐ. சொன்னது, எலும்பை அரித்திருக்கிறதா என்பதை சி.டி. சொன்னது. எத்தனையோ இரவுகள் கவச உடைக்குள் நின்று நம் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கேமராவைப் பிடித்தார்கள். அவர்களுக்கு நாம் போதுமான நன்றி சொல்லவில்லை.

எம்.ஆர்.ஐ.யிலும் ஒரு பள்ளம் உண்டு. சில பூஞ்சைக் கட்டிகள் அதில் கறுப்பாக, வெறும் காற்றுபோலத் தெரியும். அறை காலியாக இருக்கிறது என்று நினைத்துவிடலாம். பக்கத்தில் சி.டி.யை வைத்துப் பார்த்தால்தான் அறை நிறைந்திருப்பது புலப்படும்.

கேமரா முதலில் என்று இவ்வளவு சொன்னவன், படம் முந்த வேண்டிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தையின் ஒரு மூக்கில் மட்டும் பாலிப் போல ஏதோ தெரிந்தால் அதைத் தொடவே கூடாது. மண்டையோட்டின் அடித்தளத்து ஓட்டை வழியாக மூளை உறை இறங்கிவந்திருக்கக் கூடும். பார்ப்பதோடு நிறுத்தி, ஸ்கேன் எடுத்த பிறகே அடுத்தது. பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்க அடைப்பும் அடிக்கடி மூக்கில் ரத்தமும் வந்தால், அது ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒருவகைக் கட்டியாக இருக்கலாம். அதைக் கிள்ளிச் சதைப் பரிசோதனை செய்யப்போனால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடாகிவிடும். எந்த வயதிலும் ஒரே பக்கம் மட்டும் சதை வளர்ந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றச் சளி என்றால், பெரும்பாலும் பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே இருக்கும். பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே ஓட வேண்டும். அது சில மணி நேரத்தில் சவ்வை எரித்துவிடும்.

சித்தியின் ஸ்கேன்

சித்தியின் சி.டி. படத்தைத் திரையில் போட்டார் மருத்துவர். வலது கன்ன சைனஸ் முழுக்கச் சாம்பல். இடது பக்கம் காற்று நிறைந்து கறுப்பாக இருந்தது. அவர் மவுஸை உருட்டி வில்லை வில்லையாகக் கீழே இறங்கினார். சைனஸின் தரையில், மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து, சின்ன வட்டமாகக் கறுத்திருந்தது. அந்த வட்டம் மேலே சைனஸுக்குள் திறந்திருந்தது.

"அம்மா, இந்தப் பல்லு எப்பவாவது வலிச்சுதா?"

"நாலஞ்சு வருசத்துக்கு முன்னால அடைச்சதுங்க. அதுக்கப்புறம் வலிக்கவே இல்லீங்களே" என்றார் சித்தி.

வலிக்காத பல்தான் காரணம். சீழ் பல்லிலிருந்து சைனஸுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. ஆன்டிபயாட்டிக் அதைத் தற்காலிகமாக அடக்கிவைத்தது. ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு சளி வந்தால் பல்லைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவப் பாடம். மூன்று எக்ஸ்ரேயும் அந்த மங்கலைச் சரியாகத்தான் காட்டின. அதற்கு அடியிலிருந்த பல்லை அவை காட்டவில்லை. கேமரா சீழ் வரும் பக்கத்தையும் வாசலையும் சொன்னது. சி.டி. காரணத்தைச் சொன்னது. பல் மருத்துவர் அந்தப் பல்லைப் பிடுங்கினார். சைனஸ் அறுவை தேவைப்படவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி குழல் விட்டுப் பார்த்தார்கள். அந்தச் சந்து இளஞ்சிவப்பாக, ஈரமாக, வெறுமையாக இருந்தது. இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் மூக்குத் தொல்லை இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் சீட்டு எழுதும்போது, "டாக்டர், மூக்குக்குள்ள ஒரு தடவை கேமரா விட்டுப் பார்த்துட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எடுத்த ஸ்கேனின் குறுந்தட்டையும் படத்தையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். அடுத்த மருத்துவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், குழல் விடுவதற்கு முன் அதையும் சொல்லுங்கள். சளியோடு கண் இமை வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நெற்றி புடைத்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, இந்தக் கட்டுரையில் சொன்ன வரிசை எதையும் பார்க்காமல் அன்றைக்கே, அந்த மணி நேரமே, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.